பத்து நிமிடத்தில் எழுதிய குறிப்பு

1

சென்ற மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்காவின் கடிதம் வந்தது. சண்டைக் காலம் ஆனதால் கடல் தாண்டி வரும் கடிதமெல்லாம் தணிக்கை அதிகாரியின் கையில் பிரிந்து, ஓரத்தில் தாள் ஒட்டப்பட்டுத்தான் சேலத்துக்கு வந்து சேருகிறது. ஆகவே அக்காவின் கோபத்தை எனக்கு முன்பே யாரோ ஓர் உத்தியோகஸ்தர் படித்துவிட்டார்.

"உன் மகள் எனக்கு எழுதிய கடிதத்தில், எங்க ஊட்டுக்குப் பின்னால கெணறு வெட்டறாங்க என்று எழுதியிருக்கிறாள். ஊடு என்றால் என்ன என்று உன் அத்தான் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தமிழைத் திருத்துகிறாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உன் சொந்தப் பிள்ளையின் தமிழை யார் திருத்துவது?"

நான் இதைச் சத்தமாக வாசித்தபோது மகள் பவளம் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினொரு வயது. பிறந்தது சேலத்தில்.

"அதுல என்னங்கம்மா தப்பு? ஊட்டுக்குப் பின்னாலதானுங்க வெட்டறாங்க" என்றாள்.

என் கணவர் கடிதத்தை வாங்கிக் கடைசி வரிக்குப் போனார். "உம்மட அக்கா இதில என்ன எழுதியிருக்கிறா எண்டு பாரும். நாளைக்கு நாங்கள் நல்லூருக்கு வெளிக்கிடுறம் எண்டு. வெளிக்கிடுறம் எண்டது எந்த இலக்கணத்தில இருக்கு?"

மூவரும் சிரித்தோம். அக்காவுக்கு அன்றே பதில் எழுதினேன். பவளத்துக்கு வீடு என்று எழுதத் தெரியும், பள்ளிக் கட்டுரையில் சரியாகத்தான் எழுதுகிறாள், பெரியம்மாவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு எழுதியதால் பேச்சு வந்துவிட்டது என்று விளக்கினேன். அக்கா அதை ஏற்றுக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால், ஆறு வருடத்துக்கு முன் இதே ஊடு என்ற சொல்லுக்காக ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தவள் நான். யாழ்ப்பாணத்தில், நம்மூரில், யாருக்கும் அதை நான் சொன்னதில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

2

மேட்டூரில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் என் கணவர் ஓவர்சீயராக இந்தப் பக்கம் வந்தார். கலியாணம் முடிந்து நானும் வந்தேன். அணை முடிந்ததும் திரும்பிவிடுவோம் என்று சொல்லித்தான் வந்தோம். அணை முடிந்தது, அவருக்குச் சேலத்தில் வேறு வேலை கிடைத்தது, பவளம் பிறந்தாள், திரும்புகிற பேச்சு தானாகவே குறைந்துவிட்டது.

கலியாணத்துக்கு முன் நம்மூரில் ஐந்து வருடம் தமிழ் படிப்பித்தவள் நான். அதை அறிந்து, இங்கே ஏழு ஆரம்பப் பள்ளிகளை நடத்திவந்த ஒரு சிறிய சங்கத்தின் மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிகளுக்குப் போய், தமிழ்ப் பாடம் நடப்பதைப் பார்த்து, ஆசிரியர்களுக்கு யோசனை சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். சர்க்கார் இன்ஸ்பெக்டர் வேறு, நான் வேறு என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நாளிலிருந்தே நான் இன்சுபெட்டரம்மா.

முதலில் போனது ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்துக்கு. அங்கே வேலுசாமி என்ற வாத்தியார், ஐம்பது வயதுக்காரர். பாடம் முடிந்ததும் அவரிடம், "உங்களோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன். அவர் எனக்கு நாற்காலி போட்டு, தாமும் ஒரு முக்காலியில் அமர்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க. என்ன கதைங்க?"

பேச்சைத்தான் நான் அப்படிச் சொன்னேன் என்று விளங்கவைத்த பிறகு, "நீங்கள் இன்னும் ஆறுதலாய்ப் படிப்பிக்க வேணும்" என்றேன். மெதுவாக என்பதை நாம் அப்படித்தானே சொல்வோம். அவர் சற்று யோசித்துவிட்டு, "எங்கூட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே" என்றார்.

முன்வரிசையில் ஒரு சிறுமி அருமையாக வாசித்திருந்தாள். அவளைப் புகழ்ந்து, "அந்தப் பெட்டை நல்லாய் வாசிக்கிறாள்" என்றும் சொன்னேன். வகுப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. வேலுசாமி என்னை வாசல்வரை அழைத்துக்கொண்டுபோய், குரலைத் தாழ்த்தி, "அந்த வார்த்தைய இங்க கழுதைக்குத்தானுங்க சொல்லுவோம்" என்றார். அடுத்த முறை அந்தச் சிறுமிக்கு ஒரு கல்கண்டுப் பொட்டலம் கொண்டுபோனேன்.

அவரிடமும் ஒரு வித்தை இருந்தது. நான் எப்போது போனாலும் மயிலைப் பற்றிய பாடமே நடந்துகொண்டிருக்கும். அவர் கேள்வியை முடிப்பதற்குள் வகுப்பு முழுவதும் பதிலைச் சொல்லிவிடும். மூன்றாம் முறையும் மயிலே வந்தபோது, அடுத்த பக்கத்தை நடத்துங்கள் என்றேன். துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அது இன்னும் பழக்கலீங்க" என்றார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே ஆறு மாதம் போயிற்று. ஒவ்வொரு பள்ளியிலும் பக்கத்துக்கு எண் போட்ட ஒரு குறிப்புப் புத்தகம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை அதில் மையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் அழகாக எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

3

திருச்செங்கோட்டுக்கு மேற்கே மூன்று மைலில் ஒரு பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்புக்கு நல்லம்மாள் என்பவர் தமிழ் சொல்லிக்கொடுத்தார். குடியானவர் வீட்டுப் பெண். கணவர் பண்ணையம் பார்க்கிறார், இரண்டு குழந்தைகள். என்னைவிட ஓரிரு வயது மூத்தவராக இருக்கலாம். அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைகள் இருபது பேர் படித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அன்று பஸ் வழியில் நின்றுவிட்டதால் நான் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது. திரும்புகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வகுப்பில் பத்து நிமிடம் இருந்திருப்பேன். காலையில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் எழுந்து, "ஊட்டுல இருந்து வாரப்ப எங்க எரும பள்ளத்துல உழுந்துருச்சுங்க" என்றாள்.

"அடடா, எப்படிச் சாமி உழுந்துச்சு? ஊட்டுல யாரும் பாக்கலியா?" என்று நல்லம்மாள் கேட்டார்.

எனக்கு அதுவே போதுமாயிருந்தது. புத்தகத்தை வாங்கி எழுதினேன். "வீடு, விழு முதலிய சொற்களில் ஆசிரியைக்கே வகரம் இல்லை. பேச்சு கொச்சையானது. இவரிடம் பிள்ளைகள் திருந்திய தமிழ் கற்பது இயலாது." கையெழுத்திட்டு, பஸ்ஸுக்கு ஓடினேன். நல்லம்மாளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது அவர் வாசல்வரை வந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மேனேஜர் சொன்னார்: "அந்த நல்லம்மாள அயோத்தியாப்பட்டணத்துக்கு மாத்திட்டோமுங்க. அரிச்சுவடி வகுப்புக்கு. உங்க குறிப்பப் படிச்சுத்தான் கமிட்டியில முடிவாச்சு."

அயோத்தியாப்பட்டணம் சேலத்துக்குக் கிழக்கே ஆத்தூர் ரோட்டில் இருக்கிறது. நல்லம்மாள் வீட்டிலிருந்து முப்பது மைலுக்கு மேல். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. என் எழுத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று ஒரு சின்ன சந்தோஷம்தான் முதலில் வந்தது. இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

4

அடுத்த மாதச் சுற்றில் அயோத்தியாப்பட்டணம் வந்தது. நல்லம்மாள் அங்கே தூரத்து உறவினர் வீட்டில் தங்கி, சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாடத்தைத் தொடங்கினார். அன்று எனக்கு அவசரம் எதுவும் இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

கிழக்கே போகப் போகப் பேச்சு மாறுகிறது. அவர், "ஏனுங்க சாமி, எல்லாரும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டதும் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அவரும் கூடச் சிரித்தார்.

"நா எங்கூர்ல ஊடுன்னு சொல்லுவேன். நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

"வூடு" என்றது வகுப்பு.

அவர் பலகையில் ஊடு என்று எழுதினார். அதன் பக்கத்தில் வூடு என்று எழுதினார். "நம்ம ரெண்டு பேருமே சொல்றது இருக்கட்டும். பொஸ்தகம் என்ன சொல்லுதுன்னு பாக்கலாமா?" என்று வீடு என்று எழுதி, உதடும் பல்லும் எப்படிச் சேர வேண்டும் என்று காட்டினார். குழந்தைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தன. பிறகு விழு, விடு, விரல். ஒவ்வொன்றுக்கும் முதலில் அவர்கள் பேச்சு, பிறகு புத்தகத்துச் சொல். பாடம் முடியும்போது அந்தச் சிறுசுகள் மூன்று விதமாகவும் சொல்லி, எது எங்கே என்று பிரித்துக் காட்டின.

பிள்ளைகள் போன பிறகு பள்ளி வாசற்படியில் உட்கார்ந்தோம்.

"அன்றைக்கும் இப்படித்தான் படிப்பித்தீர்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. மொதல்ல அதுங்க பேசோணும். அதுக்கப்புறந்தான் பலகைக்குப் போவேன். நீங்க இன்னொரு கால்மணி இருந்திருந்தா பாத்திருப்பீங்க."

"ஏன் எனக்கு அதைச் சொல்லவில்லை?"

"எப்பங்க சொல்றது? நீங்க எழுதிப்போட்டு பஸ்ஸுக்குப் போயிட்டீங்க." அவர் குரல் உயரவில்லை. "தப்பிருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன். என்ர மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. பொஸ்தகத்துல எழுதீட்டுப் போயிட்டீங்கன்னா, அந்தப் பொஸ்தகத்துக்கிட்ட நா எப்படிங்க பேசறது?"

நம்மூரில் நான் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம் ஞாபகம் வந்தது. ஒரு நாள் சைக்கிளில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பின் ஓரத்தில் நின்றார். புத்தகத்தில் ஏதோ எழுதி மூடினார். தலைமை ஆசிரியரான சட்டம்பியார் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா காய்ச்சல் என்று நினைத்து மல்லி அவித்துத் தந்தாள். அதே பூட்டிய பெட்டியின் முன் நான் இன்னொருத்தியை நிறுத்தியிருந்தேன்.

"நான் எழுதினது பிழை" என்றேன். "அதற்கு வழி பார்க்கிறேன்."

அவர் தலையை மட்டும் அசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. எழுந்து புறப்படப் போனவளை அவரே நிறுத்தினார்.

"இன்னைக்கு என்ன தப்புக் கண்டீங்கன்னு சொல்லவே இல்லீங்களே."

சொல்லட்டுமா என்று தயங்கினேன். பிறகு சொன்னேன். முன் இரண்டு வரிசையிடம் மட்டுமே அவர் கேள்வி கேட்டார். என்னோடு கடைசி வரிசையில் இருந்த ஒன்பது பேரில் ஒருவரும் தனியாக வாய் திறக்கவில்லை.

"ஒம்பது இல்லீங்க, ஏழு. ரெண்டு பேரு இன்னைக்கு வரலீங்க" என்றார் உடனே. நான் எண்ணியது சரியென்று வற்புறுத்தவில்லை. அவர் திரும்பி வெற்று வகுப்பைப் பார்த்தார். "முன்னால இருக்கறதுங்க சத்தமாச் சொல்லுதுங்க. நானும் அதுலயே போயிர்றேன். இனி நடந்துகிட்டே கேக்கோணுமுங்க" என்றார். அந்த யோசனையை நான் கொடுக்கவில்லை. அவரே கண்டுகொண்டார்.

5

மேனேஜரிடம் போனேன். அவர் காகிதத்தைக் கடவுளுக்கு அடுத்தபடியாக மதிக்கிறவர்.

"பக்கத்துக்கு நெம்பர் போட்டிருக்குதுங்க. கிழிக்க முடியாது. அடிச்சு எழுதவும் கூடாது" என்றார்.

"அப்படியானால் புதிதாக ஒரு குறிப்பு எழுதுகிறேன்."

"எந்தப் பள்ளிப் புத்தகத்துலங்க? அயோத்தியாப்பட்டணத்துப் புத்தகத்துல எழுதுனா அது அரிச்சுவடி வகுப்புக்குத்தான் செல்லும். பழைய பள்ளிப் புத்தகத்துல எழுதோணும்னா அந்தம்மா அங்க வேலையில இருக்கோணும்."

"அங்கே வேலையில் இருக்க வேண்டுமென்றால் மாற்றலை நீக்க வேண்டும்."

"ஆமாங்க. அத நீக்கோணும்னா புதுக் குறிப்பு வேணுமுங்க."

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அதுதான் விதி என்று நம்பினார். நானும் கணவரும் இதை இரண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் எனக்கு வழி பிறந்தது. ஆசிரியையைப் பற்றி எழுதத்தானே விதி இடம் கொடுக்கவில்லை? என்னைப் பற்றி நான் எழுதலாம். மேனேஜரிடம் சொன்னேன்.

"எழுதலாமுங்க. ஆனா பேரு கெடறது உங்களுக்குங்க. நாளைக்கு உங்களையே வேண்டாம்னு கமிட்டி சொல்லலாம்."

வீட்டில் கணவரும் அதையே கேட்டார். "உம்மை வேலையால நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டட்டும். எழுதாமல் விட்டால் இனி ஒரு வகுப்புக்குள்ளும் என்னாலை போய் இருக்க ஏலாது" என்றேன்.

திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து நடந்துபோய், பழைய பள்ளியின் புத்தகத்தில் என் பழைய குறிப்புக்குக் கீழே எழுதினேன். "மேற்கண்டது பத்து நிமிடம் மட்டும் பார்த்து எழுதியது. பாடத்தின் தொடக்கத்தைக் கண்டு முழுவதையும் தீர்த்தேன். ஆசிரியையிடம் பேசவும் இல்லை. பிழை ஆசிரியையுடையது அல்ல, பார்வையிட்டவருடையது." இம்முறை எழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை.

கமிட்டி கூடி முடிவெடுக்க இரண்டு மாதம் ஆயிற்று. என்னை நிறுத்தவில்லை, இனி அரை மணிக்குக் குறையாமல் பாடம் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். நல்லம்மாள் தம் ஊருக்கே திரும்பினார். அதற்குள் பெண்பிள்ளைகளில் ஆறு பேர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் வீடு வீடாகப் போய் ஐந்து பேரைத் திரும்பக் கூட்டி வந்தார். ஆறாவது பெண்ணை எருமை மேய்க்க வைத்துவிட்டார்கள். நானும் ஒருமுறை அவரோடு போய்க் கேட்டேன். "அவ இல்லாம இங்க வேல நடக்காதுங்க" என்று அவள் தாய் சொல்லிவிட்டாள். அன்று வகுப்பில் பள்ளத்தில் எருமை விழுந்த சேதியைச் சொன்னவள் அந்தப் பெண்தான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

6

அதன் பிறகு என் வழக்கம் மாறியது. பாடம் தொடங்குமுன் போய்ப் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடுவேன். முடிந்ததும் வாத்தியாரிடம், பாடம் எப்படிப் போயிற்று என்று முதலில் அவரையே கேட்பேன். பெரும்பாலும் நான் சொல்லவிருந்ததை அவர்களே சொல்லிவிடுகிறார்கள், என்னைவிடக் கடுமையாக. ஒரு நாளைக்கு ஒரு குறைக்கு மேல் சொல்வதில்லை. புத்தகத்தில் எழுதுவதை அவர்களுக்கு வாசித்துக் காட்டியே கையெழுத்திடுகிறேன். வேலுசாமி வாத்தியார் இப்போதெல்லாம் என்னைக் கண்டால், "இன்னைக்குப் பழக்காத பாடமுங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார். சில நாள் அது தடுமாறத்தான் செய்கிறது. தடுமாறினால் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் யோசிக்கிறார்.

பெட்ரோல் கிடைக்காததால் இப்போது கரிப் பஸ்தான். மேட்டில் மூச்சு வாங்கி நின்றால் எல்லோரும் இறங்கி நடப்போம். திருச்செங்கோட்டு மலை ரொம்ப தூரத்திலேயே சிவந்து தெரியும். வெகு நேரம் தெரிந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் இருக்கிற பெண்கள் நிலக்கடலை கொடுத்து, என் பேச்சைக் கேட்டு, மலையாளமா என்பார்கள். முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். இப்போது கடலையை வாங்கிக்கொள்கிறேன்.

போன வருடம் ரேஷன் அட்டை வாங்கப் போனோம். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்றதும், "அது எந்தத் தாலுகாங்க?" என்று குமாஸ்தா கேட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் என்று கணவர் சொன்னார். அந்தக் கட்டத்தில் கடலை எழுத இடமில்லை. கடைசியில் அவரே இரக்கப்பட்டு, ராமநாதபுரம் ஜில்லா என்று எழுதிக்கொண்டார். எங்களுக்கு அரிசியும் சர்க்கரையும் அந்த ஜில்லாவின் பெயரால் ஒழுங்காகக் கிடைத்துவருகிறது.

எப்போது திரும்பி வருவீர்கள் என்று நம்மூரிலிருந்து கேட்டு எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது? பவளம் என்னை அம்மா என்று கூப்பிட்டு, கூடவே ஒரு "ங்க" சேர்க்கிறாள். நான் ஓம் என்றால், "ஆமாங்கன்னு சொல்லுங்கம்மா" என்று திருத்துகிறாள். அது என்னை வருத்துவதில்லை. இங்கே நன்றாக இருக்கிறோம்.

7

இரண்டு வாரத்துக்கு முன் நல்லம்மாளின் வகுப்பைப் பார்த்து முடித்தபோது அவர் கேட்டார்.

"நீங்க நடத்தி நாங்க ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

ஆறு வருடமாக யாரும் இதைக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சரி என்றேன். மறு வாரமே ஏற்பாடு ஆயிற்று. மூன்றாம் வகுப்பு. நல்லம்மாளோடு வேலுசாமி வாத்தியாரும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்றேன். பதினைந்து வருடமாகப் பாடம் நடத்தவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பசுவைத் தேடிப் போன ஒருவனைப் பற்றிய பாடம். கேள்வி கேட்டேன், பதில் வந்தது, வாசிக்கச் சொன்னேன், வாசித்தார்கள். பாவாயி என்ற பெண் சற்றுத் திணறினாள். எடுத்துக்கொடுத்துத் தாண்ட வைத்தேன். மணி அடித்தபோது மோசமில்லை என்றே நினைத்தேன்.

மற்ற மூவரும் நன்றாக இருந்தது என்றார்கள். நல்லம்மாள் அவர்கள் போகும்வரை பேசாமல் இருந்தார்.

"சொல்லுங்கள்" என்றேன்.

"அந்தப் பாவாயி ஒரு வார்த்தையில நின்னா, நீங்க உடனே சொல்லிக் குடுத்தர்றீங்க. நாலு தடவ சொல்லிக் குடுத்தீங்க. அவளாப் படிக்கறதுக்கு நீங்க உடவே இல்லீங்க."

"நேரம் போய்க்கொண்டிருந்ததே. முப்பது பேர் இருக்கிறார்கள்" என்றேன்.

"நேரம் இருந்துச்சுங்க. கடைசியில அஞ்சு நிமிசம் பாட்டுப் பாட வெச்சீங்களே."

மேலும் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமும் இல்லை, தயவும் இல்லை. ஒரு பாடத்தைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். நிறுத்திக்கொண்டேன். அவர் சொன்னது சரி.

"நாளைக்கு இதே வகுப்பை எனக்குத் தருவீர்களா?"

"எடுத்துக்கங்க. அதுக்கென்னங்க."

அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன். காலையில் அதே வகுப்பு, அடுத்த பக்கம். நல்லம்மாள் மட்டும் பின்னால் இருந்தார். பாவாயியை எழுப்பினேன். ஒன்பது வயது, எண்ணெய் வழிய வாரிய தலை. புத்தகத்தை மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, விரலை வைத்து வாசித்தாள்.

"பசு... ஆற்றங்கரையில்... மே... மேய்ந்து..."

நின்றுவிட்டாள். அந்தச் சொல் நீளமானது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நேற்றுப்போல நான் எடுத்துக்கொடுப்பேன் என்று. பக்கத்துப் பிள்ளை உதவ வந்தது; கையால் அமர்த்தினேன். என் நாக்கு நுனிக்குச் சொல் வந்து நின்றது. வெளியே யாரோ கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கிற சத்தம் கேட்டது. மாடு போய்த் திரும்பி, மறுபடியும் போயிற்று. பாவாயி மீண்டும் புத்தகத்துக்குக் குனிந்தாள். விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது.

"மேய்ந்து... கொண்... கொண்டி... கொண்டிருந்தது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.